ஏழாம் நம்பர் டாங்கி

மழை பெய்து ஐம்பது நாளுக்கு மேலாகிவிட்டது. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பரா வரிசையில், கூரை இறவாணத்தின் கீழ் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்திருந்த தகர அண்டாவுக்குள் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பிவிட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

பங்குனி மாதம். தலவாக்கலைக்கு மேலே இருக்கும் அந்த மலைகளில் விடியற்காலையில் இன்னும் குளிரத்தான் செய்தது. எட்டு மணிக்கு வெயில் வந்து தேயிலை மேல் உட்கார்ந்தால் நாலு மணி வரை எழுந்திருக்காது. கொழுந்து வளராமல் செடியிலேயே முறுகியது. மலை மலையாக நடந்து நாள் முழுக்கப் பறித்தாலும் கூடையின் அடிதான் மறைந்தது.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே பூரணி குளத்தடிக்கு இறங்கினாள். பின்னால் மகள் கேஷிகா, தலையில் துவாயைப் போர்த்திக்கொண்டு, கையில் போனுடன் வந்தாள்.

குளம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு காலத்தில் தேயிலை நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஊற்ற வெட்டிய பள்ளம் அது. நாற்றுமேடையை வேறு பிரிவுக்கு மாற்றிய பிறகு கோரை மண்டிக் கிடந்தது. பூரணியும் அவள் புருஷன் தம்பையாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிச் சேறு வாரி, கரை கட்டி, போன ஆடியில் கெண்டைக் குஞ்சு விட்டார்கள். மழைக்காலத்தில் நெஞ்சளவு நின்ற தண்ணீர் இப்போது இரண்டு காம்பரா அகலத்துக்குச் சுருங்கி, தொடைக்கும் கீழே போயிருந்தது. அதன் மேல் முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். முழங்கை நீளத்துக்கு வளர்ந்த கெண்டைகள் தலையை மேலே நீட்டி, வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி நின்றன. சத்தமே இல்லை.

"நேத்தவிட கூடம்மா" என்றாள் கேஷிகா.

தம்பையா தவிட்டுச் சட்டியோடு வந்து சேர்ந்தான். "பசியில நிக்குதுங்க பாரு. நாலு நாளா ஒண்ணும் போடல. எப்புடி வாயப் பொளக்குது."

"பசி இல்லப்பா, மூச்சு. எத்தன தடவ மிஸ் சொல்லிட்டாங்க. இந்த வெயிலுக்குத் தீனி போடவே கூடாது. தின்னாம கெடக்குற தவிடு அழுகி, தண்ணியில இருக்குற கொஞ்சக் காத்தையும் அது இழுத்துக்கும்."

"தண்ணிக்குள்ளாற இருக்குறதுக்கும் மூச்சு முட்டுமா?"

"ஒரு காம்பராவுல ஒம்பது பேரு படுத்தா நமக்கு முட்டலயா? அதுமாதிரிதான்."

தம்பையா சட்டியைக் கீழே வைத்துவிட்டான். மகள் சொன்னதில் ஒரு எழுத்துக் கூடக் குறைவில்லை. ஒரே காம்பராவை நடுவில் சேலை கட்டிப் பிரித்து இந்தப் பக்கம் இவர்கள் மூன்று பேர், அந்தப் பக்கம் அவனுடைய அண்ணன் குடும்பத்தில் ஆறு பேர். ராத்திரி ஒருவர் இருமினால் இரண்டு குடும்பமும் விழித்துக்கொள்ளும்.

அதனால்தான் இந்த மீன். தோட்டத்துப் பெரிய தொரை போன வருஷம் அந்தப் பக்கம் நடந்து வந்தபோது பூரணி கூடையை இறக்கி வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தொரையிடம் வாய் திறந்து கேட்டாள். தொரை பள்ளத்தைப் பார்த்தார், மேலே இருந்த மேட்டைப் பார்த்தார். "சித்திரை வருஷப் பொறப்புக்கு முந்தி மீன என் கண்ணு முன்னால புடிச்சுக் காட்டு. காட்டினா பள்ளத்தையும் அந்த மேட்டுத் துண்டையும் ஒனக்குன்னு கடுதாசி தாறேன். வீடு கட்டிக்க. இல்லைன்னா மூடிட்டுத் தேயில போட்டுருவோம்" என்றார். அந்த லயத்தில் நாலு தலைமுறை பிறந்து செத்திருக்கிறது. ஒருவர் பெயரிலும் ஒரு சாண் மண் கிடையாது. மேட்டில் தம்பையா முளையடித்து, கயிறு கட்டி, எங்கே அடுப்படி, எங்கே முன்னறை என்று அளந்துகூட வைத்திருந்தான். வருஷப் பிறப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தொரை அந்த வாரம்தான் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

கேஷிகா போனைக் காதில் வைத்துச் சிங்களத்தில் பேசினாள். மீன் வளர்ப்பு ஆபீசிலிருந்து குஞ்சு கொண்டுவந்து கொடுத்த சிங்கள மிஸ் அது. நல்ல மனுஷி, எந்த நேரம் எடுத்தாலும் பேசுவாள். பூரணி பக்கத்தில் நின்று மகளின் வாயையே பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் காதுக்குக் கொஞ்சம் எட்டும், நாக்குக்கு எட்டாது. நாலு வார்த்தை தெரிந்தாலும் பேச வெட்கம்.

"வெஸ்ஸ வகேன்னு சொல்றாங்கம்மா. மழ மாதிரி தண்ணி ஒசரத்துல இருந்து விழணுமாம். அப்பதான் காத்து உள்ள போகுமாம். விடியக்காலையிலதான் மோசமா இருக்குமாம். புதுத்தண்ணியும் விடச் சொல்றாங்க."

மூன்று பேரும் வாளியை எடுத்தார்கள். குளத்துத் தண்ணீரையே மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, விசிறி ஊற்றினார்கள். மொள்ளுவதும் ஊற்றுவதுமாக அரை மணி நேரம். பூரணியின் தோள்மூட்டு கழன்று விழுவதுபோல் இருந்தது. வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

புதுத்தண்ணீருக்குத்தான் வழியில்லை. ஊற்றிலிருந்து வரும் ஒரே குழாய் சாயந்தரத்திலிருந்து பெரட்டு நேரம் வரை குளத்துக்கு, மற்ற நேரம் லயத்துக்கு என்று பேச்சு. அந்தப் பேச்சு மழைக்காலத்துப் பேச்சு. இப்போது குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. அவர்கள் மேலே ஏறும்போது அடுத்த காம்பரா அம்மாக்கண்ணு இரண்டு குடத்தோடு வழியை மறித்து நின்றாள்.

"குளிச்சாச்சா ஒங்க மீனெல்லாம்? பவுடர் பூசிவிட்டியா?"

"அக்கா, காலங்காத்தால..."

"என்னாடி அக்கா. எம் மருமக புள்ளத்தாச்சி, ரெண்டு நாளா தல முழுகல. ஒம் மீனு தெனம் முழுகுது. தொரை கடுதாசி குடுத்தா எங்கள அந்த வூட்டுப் பக்கம் அண்டவிடுவியா?"

"மொத சாயத் தேத்தண்ணி ஒங்களுக்குத்தான்க்கா."

"அதுக்கும் தண்ணி வேணும்ல" என்று சொல்லிவிட்டு அம்மாக்கண்ணு குழாயைக் குளத்திலிருந்து இழுத்துத் தன் குடத்துக்குள் விட்டாள். பூரணி வழி விலகிக் கொடுத்தாள். தடுக்க நியாயம் இல்லை.

இப்படியே நாலு விடியல் போனது. நாலாம் நாள் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது பூரணிக்குக் கை மேலே வரவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. சாயந்தரம் தம்பையா சாக்கில் சுற்றிய ஒரு பொருளை முதுகில் சுமந்துகொண்டு, லயத்து வழியாக வராமல் வடிகால் கான் வழியாகக் குளத்தடிக்கு வந்தான். கூட அவன் கூட்டாளி செல்லசாமி. அவன் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறவன்.

சாக்கை அவிழ்த்தால் மருந்தடிக்கிற டாங்கி. முதுகில் மாட்டி, ஒரு கையால் அடித்து, மறு கையில் குழாயைப் பிடித்துத் தூவுவார்களே, அது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஏழு என்று எழுதியிருந்தது.

"இதுதான் மழ" என்றான் தம்பையா. "பத்து வருஷமா இதச் சொமந்து தோட்டத்துக்கு அடிக்கிறேன். நம்ம மீனுக்கு ஒரு நாளு அடிக்கக் கூடாதா? வாளியில ஊத்துனா தொப்புன்னு விழும். இதுல அடிச்சா பூந்தூத்தல்."

பூரணி பின்வாங்கினாள். "ஏங்க, இது புல்லு மருந்து அடிக்கிறதில்ல?"

"அட, எனக்குத் தெரியாதா? புல்லு மருந்து டாங்கிய நான் கிட்ட கொண்டாருவேனா? அது எமன். இது மழக்காலத்துல எல கொப்புளிக்கும்ல, அதுக்கு நீல மருந்து அடிக்கிற டாங்கி. தேயிலைக்குச் சொகமாக்குற மருந்து. நாங்க வெறுங் கையால கலக்குறோம், ஒண்ணும் ஆகல."

செல்லசாமி கைகளைத் தேய்த்தான். "மூலையில கெடந்துச்சு மதினி. புல்லு டாங்கியெல்லாம் கணக்கப்புள்ள எண்ணிப் பூட்டுவாரு, இத எண்ண மாட்டாரு. திங்கக்கெழம பெரட்டுக்கு முந்தி வந்துரணும். எம் பேரு வெளிய வந்துச்சு, எம் பொழப்பு போச்சு."

கழுவும் வேலை பூரணிக்கு வந்தது. கான் ஓரத்தில் குந்தி, சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தாள். முதல் தண்ணீர் நீலமாக வந்தது. இரண்டாவது லேசான நீலம். மூன்றாவது தெளிவு. மூடி மரையின் இடுக்கில் மட்டும் ஒரு நீலக் கோடு நகத்துக்கு வராமல் நின்றது. உள்ளே கையை விட்டால் அடி வரை எட்டவில்லை. மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றியது. கேஷிகா தலவாக்கலைக்கு டியூசன் போயிருந்தாள், வர இருட்டிவிடும். தானே போன் எடுத்து என்னவென்று கேட்பது, எந்த வார்த்தையால் கேட்பது? தெளிந்த தண்ணீர்தானே வருகிறது என்று மூடியைத் திருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தம்பையா டாங்கியை மாட்டிக்கொண்டு கரையைச் சுற்றி வந்தான். குளத்துத் தண்ணீரை ரொப்பி ரொப்பி அடித்தான். பதினைந்து, இருபது டாங்கி இருக்கும். குழாயை மேலே பிடித்து வீசும்போது தூற்றல் புகையாய் எழுந்து, குளத்தின் மேல் மெத்தென்று இறங்கியது. வாய்கள் பத்தே நிமிஷத்தில் மறைந்தன.

"பாத்தியா! அம்பது நாளா வராத மழ, என் முதுகுல இருந்து வந்துச்சு" என்று தம்பையா சிரித்தான். பூரணிக்கும் சிரிப்பு வந்தது. அன்று காலை ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் குளத்துக் கரையிலேயே சாப்பிட்டார்கள். சாயத்தண்ணீர் ஊற்றிய தகரப் பேணியைக் கயிறு கட்டிய முன்னறைக்குள் வைத்துவிட்டு, "வூட்டுக்குள்ள போயி எடுத்துக்கிட்டு வா" என்று கேஷிகாவை ஏவினான் தம்பையா.

பதினொரு மணிக்குக் கேஷிகா கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

பூரணி போய்ப் பார்த்தபோது மீன்கள் மேலே வந்து நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தன. கரைக்கும் கரைக்கும் அம்பு மாதிரி பாய்ந்து, சேற்றில் உடம்பைத் தேய்த்து, சில துள்ளி வெளியே விழுந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். கோழை கொட்டி வழுவழுத்தது. செவுளைத் தூக்கினால் உள்ளேயும் கோழை. புதுத்தண்ணீர் விட்டார்கள், அது நூலாக ஓடியது. வாளியை எடுத்து அடித்தார்கள். தம்பையா டாங்கியை மறுபடி மாட்டப் போனான். பூரணி அதன் வாரைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று அப்போது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. உச்சி வெயில் வருவதற்குள் ஓட்டம் நின்றது. ஒவ்வொன்றாகச் சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

லயத்துக்கு நியூஸ் போக நேரம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில். வருகிற செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் பதினைந்து நாளைக்கு லயத்தில் மீன், கருவாடு எதுவும் அடுப்பேறக்கூடாது. கடைசி ஞாயிறுக்குக் கவிச்சி கிடைக்காதா என்றிருந்த சனம் பேசினைத் தூக்கிக்கொண்டு இறங்கியது.

"வெயிலுல செத்ததுதானே தம்பையா? இன்னும் கண்ணு கூட மங்கல."

"புளி போட்டு நல்லா அலசுனா ஒண்ணுமில்ல."

அம்மாக்கண்ணு மூன்று பெரிய மீனை எடுத்தாள். பூரணியின் தோளைத் தட்டினாள். "மனசு விட்டுறாத புள்ள. தண்ணிக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்காத. மருமக வாய்க்கு ருசியா ஒண்ணும் திங்கல, அவளுக்குத்தான்."

தம்பையா டாங்கியின் மேல் சாக்கை இழுத்துப் போட்டான். எல்லாரும் போன பிறகு, "வெயிலுதான்" என்றான். "யாரு கேட்டாலும் வெயிலு. தொரையே நம்புவாரு. அடுத்த ஆடிக்குத் திரும்பக் குஞ்சு விடச் சொல்லுவாரு, பாரு."

பூரணி டாங்கியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. குழாய் பொருந்தும் அடித் திருகைக் கல்லால் தட்டிக் கழற்றினாள். உள்ளிருந்து நீலச் சேறு, கட்டித் தயிர் மாதிரி, மெதுவாக இறங்கி அவள் புறங்கையில் விழுந்தது. மழைக்காலம் முழுக்கப் படிந்து காய்ந்து கிடந்தது. இருபது டாங்கித் தண்ணீர் போய்ப் போய் ஊறி, கரைந்து, குளத்தில் இறங்கியது போக மீதி.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அடியில இருந்திருக்கு" என்றாள் பூரணி. "நான் மேலதான் கழுவியிருக்கேன்."

"தொடைச்சிரு. கான்ல ஊத்திரு."

"மீன தூக்கிட்டுப் போயிட்டாங்கங்க."

"சும்மா இரு. அதத் தின்னா மனுசனுக்கு ஒண்ணும் ஆகாது. தேயில மருந்துதானே."

"மீனுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னீங்க."

"சொன்னா என்னா ஆகும்னு ஒனக்குத் தெரியுதா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "டாங்கி திருடுனேன்னு எழுதுவாங்க. வேல போகும். செல்லசாமி போவான். அந்தக் கயிறப் பாரு, பூரணி. அந்த மேடு போகும். ஒருக்காலும் திரும்பக் கெடைக்காது."

பூரணி கயிற்றைப் பார்த்தாள். காலையில் குடித்துவிட்டுத் திரும்ப வைத்த பேணி இன்னும் முன்னறையில் இருந்தது. லயத்துப் பக்கத்திலிருந்து கொரக்காப் புளியும் மிளகாயும் கொதிக்கிற வாசனை இறங்கி வந்தது. ஒரு அடுப்பிலிருந்து இல்லை, பல அடுப்பிலிருந்து.

அவள் ஓடினாள். ஒவ்வொரு காம்பராவாக, வாசலில் நின்று, "அக்கா, அந்த மீன் வேணாம்... அத்தாச்சி, மீனத் திங்காதீங்க" என்றாள். அவள் குரல் எப்போதும் போல வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. "குடுத்துட்டுத் திரும்பக் கேக்குறா பாரு" என்று யாரோ சிரித்தார்கள். அம்மாக்கண்ணுவின் அடுப்பில் சட்டி தளதளத்துக் கொண்டிருந்தது. மருமகள் தனுஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பீங்கானில் சோற்றைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எறக்குங்க. வேணாம்."

"என்னாடி வேணாம்? செத்த மீனுக்கும் கணக்குப் பாக்குறியா?"

பூரணி வெறுங்கையால் சட்டியைத் தூக்கினாள். முன் திண்ணையான இஸ்தோப்பைத் தாண்டிப் போய்க் கானில் கவிழ்த்தாள். சூடு தாங்காமல் சட்டி கையிலிருந்து நழுவி உடைந்தது.

அம்மாக்கண்ணு போட்ட கூச்சலில் பத்துக் காம்பராவும் வாசலுக்கு வந்தது. "எங்க தண்ணியக் குடிச்ச! இப்ப எங்க சட்டியிலயும் கை வச்சியா? நீ நல்லாருப்பியா? ஒரு புள்ளத்தாச்சி முன்னாடி சோத்தத் தட்டிவிட்டியே, பாவி!"

"மருந்து" என்றாள் பூரணி. முதலில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் மூச்சை இழுத்தாள். "மருந்துக்கா! வெயிலுல சாகல. மருந்தடிக்கிற டாங்கியால தண்ணி அடிச்சோம். அடியில மருந்து இருந்துச்சு. நாந்தான் கழுவுனேன். சரியாக் கழுவல. யாரும் திங்காதீங்க. கோழிக்குக் கூடப் போடாதீங்க."

அவள் கையில் இருந்த நீலத்தை எல்லாரும் பார்த்தார்கள். அம்மாக்கண்ணு திரும்பி மருமகளின் பீங்கானைப் பிடுங்கினாள். "தின்னியாடி? ஒரு வாயாவது தின்னியா? சொல்லுடி!"

"இல்லத்த. ஊத்தவே இல்ல."

மற்ற அடுப்புகளிலிருந்தும் சட்டிகள் இறங்கின. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது, பூரணிக்கும் தெரியாது. பச்சையும் வெந்ததுமாக மீன்கள் அவள் பேசினுக்குத் திரும்பி வந்தன.

புதைக்க இடம் தேடினால் எங்கும் தேயிலை வேர், பாறை மாதிரி இறுகிய மண். மேட்டில்தான் மண் பொலுபொலுவென்று இருந்தது. தம்பையா கயிற்றை அறுக்காமல், அதற்குள் இறங்கி, முன்னறை என்று அளந்த இடத்தில் குழி வெட்டினான். மண்ணை மூடி மிதிக்கும்போது, "செல்லசாமி பேரச் சொல்லாம விட்டியே, அது போதும்" என்றான்.

திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை தம்பையாவின் பெயரைக் கூப்பிடவில்லை. எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுத்த பிறகு, "நீ ஆபீசுக்கு வா" என்றார். ஸ்டோர் ஜன்னல் வழியாகத் தானே எடுத்ததாகத் தம்பையா சொன்னான். விசாரணை முடியும் வரை வேலை இல்லை என்றார்கள். பள்ளத்தை மூடச் சொல்லித் தொரை உத்தரவு போட்டுவிட்டார். மருந்துத் தண்ணீர் கிடக்கிற இடத்தில் புள்ளை குட்டி விழுந்தால் யார் பதில் சொல்வது? அவர் சொன்னதிலும் தப்பில்லை. புதன்கிழமை முதல் கான் வெட்டுகிற மண்ணை அங்கே கொட்டுவதென்று முடிவானது.

பூரணிக்குக் குளத்துக்கு மேலே இருக்கும் மலையில் கொழுந்து. வெந்துபோன உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு பறித்தாள். பத்து மணித் தேத்தண்ணீருக்கு உட்கார்ந்தபோது பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் நாலு தேயிலைச் செடி இடைவெளி. கொஞ்ச நேரம் கழித்து அம்மாக்கண்ணு எழுந்து வந்து அந்த இடைவெளியில் உட்கார்ந்தாள். பூரணியின் பக்கம் பார்க்கவில்லை.

"சட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்துரு" என்றாள். "காப்பு அவுத்ததும் ஒரு நாளைக்கு மீன் ஆக்கணும். அந்தப் புள்ள இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

"சரிக்கா."

"கையக் காட்டு." பார்த்தாள். "நீலம் போகலயே."

"போகலக்கா."

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. குளத்தடியில் இனி வேலை இல்லை, ஆனாலும் கால்கள் இறங்கிப் போயின. கோயில் பக்கம் காப்புக் கட்டத் தப்பு மேளச் சத்தம் கேட்டது. குளம் அசையாமல் கிடந்தது. ஊற்றுக் குழாயை லயத்துக்கே திருப்பி விட்டிருந்தார்கள், அதன் சத்தமும் இல்லை. பூரணி கரையில் குந்தி, வாய்கள் வந்து நின்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் கேஷிகா வந்தாள். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"மிஸ்ஸும்மா. நாலு நாளா நாம எடுக்கலன்னு அவங்களே எடுக்குறாங்க. நான் என்னா சொல்ல? வெயிலுன்னு சொல்லவா? வெயிலுன்னா திரும்பக் குஞ்சு தருவாங்கம்மா."

பூரணி கையை நீட்டிப் போனை வாங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சிங்களத்துக்காகக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மிஸ் சந்தோஷமாக, மீன் எப்படி என்று கேட்டாள். அது பூரணிக்கு விளங்கியது.

"மாளு மெருணா, மிஸ்" என்றாள். மீன் செத்துப்போச்சு.

மிஸ் ஏதோ ஆறுதலாகச் சொன்னாள். வெயில் என்ற வார்த்தை அதில் இருந்தது. பூரணி இல்லை என்று தலையை ஆட்டினாள். தலையாட்டினால் போனில் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது.

"அவ்வ நெமே, மிஸ். அப்பி மெருவே." வெயில் இல்லை, நாங்கதான் கொன்னோம்.

ஏன், என்ன நடந்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பது நாள் வெயில், நூலாக வந்த தண்ணீர், அவள் தோள்மூட்டு, தெளிந்து வந்த மூன்றாவது தண்ணீர், மூடி இடுக்கில் நின்ற நீலக்கோடு, கயிறு கட்டிய முன்னறை. எதற்கும் அவளிடம் வார்த்தை இல்லை. இரண்டு வார்த்தைதான் இருந்தது.

"டாங்கி, மிஸ்" என்றாள். "பேத்." மருந்து.

மிஸ் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மேலே பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள். பூரணி போனை மகளிடம் கொடுத்துவிட்டு, துணி சுற்றிய கையால் கரையை ஊன்றி எழுந்து, மலையேறினாள்.